விளையாடும்போது திரை கருப்பாகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் பிள்ளைகளின் கேமிங் கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். ஜோஹன்னஸ்பர்க், லெனேசியா, மிட்ராண்டில் இருப்பவர்கள் வாட்ஸ்ஆப்பில் கேட்பார்கள். ஆள்தான் மாறுமே தவிர கேள்வி மாறாது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்து, பதில்களை எழுதி வைத்திருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதையே திரும்பச் சொல்லாது.

அண்ணா, விளையாடிட்டு இருக்கும்போதே ஸ்கிரீன் கருப்பாயிடுது. கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சா?

போயிருக்கலாம். ஆனால் அதை முதல் சந்தேகமாக வைக்காதீர்கள். கார்டுதான் பெட்டிக்குள்ளேயே விலை கூடின பொருள். அதனால் பழி முதலில் அதன் மேல்தான் விழுகிறது, கடைக்காரரும் அதையே மாற்றச் சொல்கிறார். நான் பார்த்தவரை கார்டு நன்றாகவே இருக்கும். அதற்குப் போகும் கரண்டோ, அதிலிருந்து மானிட்டருக்கு வரும் கேபிளோ, அதை ஓட்டும் டிரைவர் மென்பொருளோதான் பெரும்பாலும் தகராறு.

காசு செலவில்லாத சோதனைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை முடித்த பிறகு பர்ஸைத் திறக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றாதீர்கள். கேபிளையும் டிரைவரையும் சேர்த்து மாற்றிவிட்டு, சரியானதும் எது காரணம் என்று தெரியாமல் விழிப்பவர்கள் அநேகம்.

கருப்பானதும் நான் பயந்து பவர் பட்டனை அழுத்திடுவேன். அதுக்கு முன்னாடி எதையாவது பார்க்கணுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த அரை நிமிடத்தில் கிடைக்கும் தகவல் அப்புறம் கிடைக்காது. கையைக் கட்டிக்கொண்டு மூன்றைக் கவனியுங்கள். ஹெட்போனில் சத்தம் தொடர்கிறதா? கீபோர்டில் நம்லாக்கை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா? பெட்டியின் ஃபேன்கள் என்ன செய்கின்றன?

சத்தம் ஓடி, நம்லாக்கும் மாறினால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, படம் மட்டும் வரவில்லை. இதை முதல் வகை என்று வைத்துக்கொள்வோம். சில விநாடிகளில் படம் தானாகத் திரும்பி வந்தால் இரண்டாம் வகை. படம் போன கையோடு கார்டின் ஃபேன்கள் உச்ச வேகத்தில் சுற்றினால் மூன்றாம் வகை. மொத்தப் பெட்டியும் அணைந்தால், அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆனால், நான்காம் வகை. இனி எனக்கு எழுதும்போது 'கருப்பாயிடுச்சு' என்று மட்டும் எழுதாமல் எந்த வகை என்றும் சேர்த்து எழுதுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஃப்ரெண்ட்ஸ் பேசுறது கேட்குது, நான் பேசுறதும் அவங்களுக்குக் கேட்குது. படம் மட்டும் இல்லை. என்ன பண்ண?

இது முதல் வகை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கிவைக்கும், ஒரு சின்ன 'பீப்' கேட்கும். படம் வந்துவிட்டால் சந்தேகம் டிரைவர் பக்கம். வராவிட்டால் மானிட்டரின் பட்டனால் மானிட்டரை மட்டும் அணைத்துப் போடுங்கள். அதில் படம் வந்தால் கேபிள் அல்லது மானிட்டர்.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்கள் நிறையப் பேரை ஏமாற்றியிருக்கின்றன. 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 படம்), 1440பி என்று போகும்போது கேபிளில் ஓடும் தகவல் மிக அதிகம். மலிவான கேபிள், அதுவும் மூன்று மீட்டர் நீளம் என்றால், சாதாரண வேலையில் ஒழுங்காக இருந்துவிட்டு கேமில் காலை வாரும். கேபிள் வாங்கும் முன் மானிட்டரை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கி ஒரு மாலை விளையாடிப் பாருங்கள். கருப்பு நின்றுவிட்டால் வெசா என்ற தர அமைப்பின் சான்று பெற்ற இரண்டு மீட்டருக்கு மேல் போகாத கேபிள் ஒன்று போதும். கார்டின் வேகத்துக்கு மானிட்டரை இசைக்கும் ஃப்ரீசிங்க், ஜிசிங்க் வசதியை அணைத்துப் பார்ப்பதும் இதே போன்ற இலவசச் சோதனை.

கருப்பாகி அஞ்சு செகண்ட்ல தானா வந்துடுது. அப்ப பரவாயில்லையா?

விட்டுவிட வேண்டாம், ஆனால் பயப்படவும் வேண்டாம். கார்டு இரண்டு விநாடிக்குள் பதில் தரவில்லையென்றால் விண்டோஸ் பொறுமை இழந்து டிரைவரை மீட்டமைக்கும். அந்த இரண்டு விநாடி விண்டோஸிலேயே உள்ள வழக்கமான அளவு. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'டிஸ்ப்ளே' என்ற பெயரில் 4101 எண்ணுடன் ஒரு பதிவு இருந்தால் நடந்தது அதுதான். பதிவே இல்லாமல் படம் போய் வந்தால் மேலே சொன்ன கேபிள் பதிலுக்குத் திரும்புங்கள்.

அந்த இரண்டு விநாடியை விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பத்தாக மாற்றச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். கார்டு ஏன் பதில் சொல்லவில்லை என்பதை அது தொடவே தொடாது. இனிமேல் பத்து விநாடி உறைந்துபோன படத்தைப் பார்ப்பீர்கள், அவ்வளவுதான்.

டிரைவரை அப்டேட் பண்ணிட்டே இருக்கேன் அண்ணா, மாற்றமே இல்லை.

அப்டேட் எப்போதும் மேல்நோக்கித்தான் போக வேண்டும் என்பதில்லை. கார்டு நிறுவனமான என்விடியா 2025 தொடக்கத்தில் விட்ட 572 வரிசை டிரைவர்களில் கருப்புத்திரைத் தொல்லை இருந்ததை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, அடுத்தடுத்துத் திருத்தங்கள் விட்டது. தொல்லை எந்த டிரைவருக்குப் பிறகு தொடங்கியது என்று நினைவிருந்தால் அதற்கு முந்தையதைப் போடுங்கள்.

பழையதன் மேலேயே புதியதை ஏற்றாதீர்கள். 'டிடியு' என்று அழைக்கப்படும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை இறக்கி, இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் போய்ப் பழையதைத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். இணையத்தைத் துண்டிக்க மறந்தால் நீங்கள் டீ போட்டு வருவதற்குள் விண்டோஸ் தானே ஒரு டிரைவரைப் பிடித்துப் போட்டுவிடும்.

படம் போனவுடனே ஃபேன் பேய் பிடிச்ச மாதிரி கத்துது. பட்டனை அமுக்கிப் பிடிச்சாத்தான் நிக்குது.

மூன்றாம் வகை. கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விலகிவிட்டது. ஃபேனை மட்டும் முழு வேகத்தில் விட்டுவிட்டு மதர்போர்டுடன் பேச்சை நிறுத்திக்கொண்டது. காரணம் சூடாக இருக்கலாம், கரண்ட் குறைந்ததாகவும் இருக்கலாம். என் அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகம்.

பக்கக் கதவைத் திறந்து கார்டுக்குப் போகும் கம்பியைப் பாருங்கள். எட்டு பின் கனெக்டர் ஒவ்வொன்றுக்கும் 150 வாட் கணக்கு, மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட். கார்டில் இரண்டு எட்டு பின் இருந்தும், பவர் சப்ளையிலிருந்து ஒரே கம்பி வந்து அதன் நுனியிலேயே இரண்டாகப் பிரிந்து செருகியிருக்கிறதா? பெட்டியைப் பொருத்தித் தருகிறவர்கள் கம்பி அழகாகத் தெரிய வேண்டும் என்று இப்படிச் செய்துவிடுகிறார்கள். இரண்டாவது கம்பி பவர் சப்ளை வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே பையோடு கிடக்கும். அதை எடுத்துத் தனித்தனியாகச் செருகுங்கள். வேறு பவர் சப்ளையின் கம்பியை மட்டும் செருகிவிடாதீர்கள். முனை பொருந்தும், ஆனால் உள்ளே பின் வரிசை வேறாக இருந்தால் கார்டு புகைந்துவிடும்.

புதிய 16 பின் கனெக்டர் என்றால் கடைசி வரை உள்ளே போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்கக்கூடாது. முனையிலேயே கம்பியை மடக்கிக் கதவை அழுத்திச் சாத்தியிருந்தால் அதுவும் தப்பு.

650 வாட் பவர் சப்ளை இருக்கு. கணக்குப் போட்டா 520 தான் வருது. எப்படிப் பத்தாமப் போகும்?

உங்கள் கணக்கு சராசரிக் கணக்கு. கார்டு சராசரியாகக் குடிப்பதில்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு 320 வாட் என்று எழுதியிருந்தாலும், சில மில்லிவிநாடிகளுக்கு அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் துள்ளும். கரண்ட் இப்படித் திடீரென ஏறினால் பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று ஆபத்து என்று நினைத்து அணைத்துவிடும். பெட்டி மொத்தமும் செத்துவிட்டால் அது நான்காம் வகை. என்விடியா அந்தக் கார்டுக்கு 750 வாட் கேட்டதில் இந்தத் துள்ளலுக்கும் பங்கு உண்டு. 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, தன் அளவைப் போல் இரண்டு மடங்குத் துள்ளலை 100 மைக்ரோவிநாடி தாங்க வேண்டும் என்று பவர் சப்ளைகளுக்குக் கட்டளையே போட்டுவிட்டது.

வாங்கும் முன் சோதிக்க ஓர் இலவச வழி இருக்கிறது. கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட் என்ற அளவை 70 சதவீதத்துக்கு இறக்கி, கேமில் ஃபிரேம் எண்ணிக்கையை 60-ல் கட்டிவிட்டு விளையாடுங்கள். இரண்டுமே துள்ளலை அடக்கத்தான், அதனால் இதை ஒரே மாற்றமாக எடுத்துக்கொள்ளலாம். கருப்பு நின்றால் பவர் சப்ளை, கம்பி, சுவர் பிளக் என்ற வரிசையில் தேடுங்கள். நிற்கவில்லையென்றால் பவர் சப்ளைக் கடைக்கு அவசரப்பட்டு ஓடாதீர்கள்.

எவ்வளவு சூடு வரைக்கும் சரி? ஜோபர்க்ல இங்க குளிர்தானே, சூடு எப்படிக் காரணமா இருக்கும்?

பெரும்பாலான கார்டுகளுக்கு மையம் 80 டிகிரியை ஒட்டி ஓடுவது சாதாரணம். ஹாட்ஸ்பாட், அதாவது சிப்பில் மிகச் சூடான இடம், அதைவிடப் பத்துப் பதினைந்து கூட இருக்கும். வித்தியாசம் முப்பதை நெருங்கினால் உள்ளே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. 3080, 3090-இன் மெமரி 110 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹெச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் சூட்டின் அளவை ஒரு கோப்பில் எழுதச் சொல்லிவிட்டு விளையாடுங்கள். திரை போனாலும் கடைசி விநாடிக் கணக்கு கோப்பில் மிஞ்சியிருக்கும்.

ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகும் சூடு குறையும். டர்பனில் ஓட்டிய பெட்டியை வேலை மாற்றத்தில் மேலே கொண்டுபோனவர்கள் ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். நம் டர்பனுக்கு வேறு வினை: ஈரக் காற்றும் உப்பும். கடலோரம் பிளஃப் பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்து விளையாடும் வீடுகளில் ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளில்) தூசி பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். வெறும் காற்றடித்தால் போகாது, பிரஷ் வேண்டும். ரேம், கார்டு ஆகியவற்றின் தங்கமுனைகளில் படிந்த கறையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துச் செருகியதும் சரியான பெட்டிகள் உண்டு.

தம்பி, கீழே நான் கெட்டில் போட்டா மேலே அவன் 'அம்மா!'ன்னு கத்துறான். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது அக்கா, பையன் பொய் சொல்லவில்லை. கெட்டில் சுமார் 2,000 வாட் இழுக்கும். அது போடும் கணத்தில் அதே லைனில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். நம் நாட்டு அளவு 230 வோல்ட். ஒழுங்கான பவர் சப்ளை 200-க்கு இறங்கினாலும் கண்டுகொள்ளாது. ஆனால் சுவரில் உள்ள பிளக் தளர்ந்திருந்தால், மல்டிபிளக்கின் மேல் மல்டிபிளக் செருகியிருந்தால், அந்த இறக்கம் அந்த இணைப்பில் இன்னும் பெரிதாகும்.

கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள், ஹீட்டரையும் அயர்ன்பாக்ஸையும் வேறு பிளக்குக்கு மாற்றுங்கள். விளையாடி முடித்ததும் அந்தப் பெரிய மூன்று பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், அல்லது பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், அது கேமிங் பிரச்சினையே இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை அந்தப் பிளக் வேண்டாம்.

லோட் ஷெட்டிங்தான் நின்னுபோச்சே. இன்னும் ஏன் கரண்டையே சொல்றீங்க?

மின் நிறுவனமான எஸ்காம் முறைவைத்துக் கரண்டை நிறுத்தி 2023-ல் நம்மைப் படுத்திய பாடு 2024 மார்ச் கடைசியோடு பெருமளவு ஓய்ந்தது உண்மைதான். ஆனால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போய் வந்த காலத்தில் அடி வாங்கிய பவர் சப்ளைகள் இன்னும் நம் பெட்டிகளில்தான் ஓடுகின்றன. கரண்ட் போகும்போது ஆபத்து குறைவு, திரும்ப வரும் கணத்தில்தான் அடி. தெருவே ஒரே நேரத்தில் ஃப்ரிட்ஜையும் கீசரையும் போட்டுக்கொண்டு எழும், வோல்டேஜ் ஏறி இறங்கும். அதில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பலமிழந்துவிட்டால் சாதாரண வேலையில் தெரியாது. கேமில் சுமை ஏறினால்தான் காட்டும்.

ஜோஹன்னஸ்பர்க் மேட்டுநிலத்தில் கோடைக்கால மதிய இடியும் சேர்ந்துகொள்ளும். சர்ஜ் பாதுகாப்புள்ள பிளக் ஓரளவு உதவும், ஆனால் அதன் உள் பாகம் ஒவ்வொரு அடியிலும் தேயும். அதன் பச்சை விளக்கு அணைந்திருந்தால் அது இப்போது வெறும் மல்டிபிளக்தான். இடி முழங்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவதற்கு ஈடு இல்லை. ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் சேர்த்துப் பிடுங்குங்கள்.

இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும்தான் அணையுது. லைட் போன செகண்ட்லயே சில நேரம் போயிடுது.

இரண்டு தனித்தனி விஷயம். முதலாவது, மலிவான, சக்கரம் வைத்த டிராலி இன்வெர்ட்டர்கள் தருவது சுத்தமான சைன் அலை இல்லை, படிப்படியாக வெட்டிய அலை. இன்றைய கேமிங் பவர் சப்ளைகளில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கும். அதற்கு அந்த அலை சில நேரம் ஒத்துக்கொள்ளாது. டிவியும் பல்பும் ஓடும், கேம் தொடங்கியதும் பெட்டி அணையும். அட்டையில் 1200 விஏ என்று பெரிதாகவும் 720 வாட் என்று பொடி எழுத்திலும் போட்டிருப்பார்கள். நமக்குக் கணக்கு அந்தப் பொடி எழுத்துதான். மானிட்டரையும் அதில் சேர்க்க வேண்டும், முன்பு சொன்ன துள்ளலையும் மறக்கக்கூடாது.

இரண்டாவது, மாறும் நேரம். சுவர்க் கரண்ட் நின்றபின் நல்ல பவர் சப்ளை முழுச் சுமையில் சுமார் 16 மில்லிவிநாடி தாக்குப்பிடிக்கும். வீட்டுக்குப் போட்ட பெரிய இன்வெர்ட்டர்கள் பலவற்றில் ஏபிஎல் (வீட்டுச் சாதனங்களுக்கு), யுபிஎஸ் (கம்ப்யூட்டருக்கு) என்று இரண்டு அமைப்புகள் உண்டு. ஏபிஎல்லில் மாற 20 மில்லிவிநாடி ஆகும், யுபிஎஸ்ஸில் சுமார் 10. பொருத்தியவர் ஏபிஎல்லிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார். அவரையே கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள், செலவே இல்லை.

ஒரே ஒரு கேம்ல மட்டும் வருது. அப்ப கேம்தானே கோளாறு?

பாதி சரி. அந்த கேம் மற்றவை தொடாத இடத்தைத் தொடுகிறது. அதன் மெனுவில் ஃபிரேம் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லையா என்று பாருங்கள். எதுவுமே நடக்காத மெனுவில் நொடிக்கு ஆயிரம் படம் வரைந்து கார்டு சும்மா வெந்துகொண்டிருக்கும். 2021 ஜூலையில் 'நியூ வேர்ல்ட்' கேமின் சோதனைப் பதிப்பில் சில 3090 கார்டுகள் செத்தே போயின. கடைசியில் அந்தக் கார்டுகளின் சால்டரிங் குறைபாடு என்று தெரியவந்தது. கேம் வெளிக்காட்டிய பலவீனம் கார்டில் முன்பே இருந்திருக்கிறது.

ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ரெண்டு மணி நேரம் ஓடுது அண்ணா, ஒண்டும் ஆகேல்ல. கேமுக்குள்ள போனா இருபது நிமிசத்தில கருப்பு.

ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரே சீராக அழுத்தும். கேம் ஏறும், இறங்கும், லோடிங் திரையில் ஓய்வெடுத்து மறுபடி பாயும். ஓவர்கிளாக் செய்த, அதாவது வேகத்தைக் கூட்டிய, கார்டு தடுமாறுவது இந்த ஏற்ற இறக்கத்தில்தான். தொழிற்சாலையிலேயே ஓவர்கிளாக் செய்து வந்த கார்டானாலும் மையத்தின் வேகத்தை 50 மெகாஹெர்ட்ஸ் இறக்கிப் பாருங்கள். அப்புறம் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்துப் பாருங்கள். சரியானால் மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓட்டி ரேமை உறுதி செய்யலாம்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்களுக்குத் தனிக் குறிப்பு. அந்தச் சிப்புகளில் அதிக வோல்டேஜ் போய்த் தேய்ந்துவிடும் கோளாறு 2024-ல் உறுதியானது. 'வீடியோ மெமரி போதவில்லை' என்று கேம் பொய் சொல்லி மூடுவது அதன் அடையாளங்களில் ஒன்று. பயாஸை 0எக்ஸ்12பி (0x12B) என்ற சிப் திருத்தமான மைக்ரோகோடோ அதற்குப் பிந்தையதோ உள்ள பதிப்புக்கு ஏற்றுங்கள். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அது குணப்படுத்தாது. ஆனால் பாதிக்கப்பட்ட, அட்டைப்பெட்டியில் தனியாக விற்ற சிப்புகளுக்கு இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டி ஐந்தாக்கியிருக்கிறது.

ஈவென்ட் வியூவர்ல 'கெர்னல்-பவர் 41'னு சிவப்பா இருக்கு. பவர் சப்ளைதானே?

பெயரைப் பார்த்துத்தான் எல்லோரும் அப்படி நினைக்கிறார்கள். கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர 41 வேறு எதுவும் சொல்வதில்லை. நீங்கள் பட்டனை அமுக்கிப் பிடித்தாலும் அதுதான் விழும். அதற்கு முந்தைய ஒன்றிரண்டு நிமிடப் பதிவுகளைப் பாருங்கள். 4101 இருந்தால் டிரைவர் அல்லது கார்டு. 'வீயா-லாகர்' இருந்தால் சிப், ரேம், மதர்போர்டு. முன்னால் எதுவுமே இல்லாமல் 41 மட்டும் தனியாக நின்றால் அப்போது பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம்.

கடையில குடுத்தா 'எங்ககிட்ட நல்லாத்தான் ஓடுது'ன்னு திருப்பிக் குடுத்துடறாங்க.

அவர்களிடம் அது ஓடவும் கூடும். கடையின் பிளக் வேறு, கேபிள் வேறு, மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். உங்கள் கேபிளையும் முடிந்தால் மானிட்டரையும் கூடவே கொண்டுபோங்கள். எந்த கேம், எத்தனை நிமிடம், எந்த வகை என்று தாளில் எழுதிக் கொடுங்கள். போனில் எடுத்த வீடியோவில் நம்லாக் விளக்கும் ஃபேன் சத்தமும் பதிவாகியிருந்தால் அவர்கள் மறுத்துப் பேச முடியாது.

கடையில் வாங்கி ஆறு மாதம் ஆகவில்லையென்றால் 2008-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56-ஆம் பிரிவு உங்கள் பக்கம். பொருள் குறைபாடுள்ளது என்றால் சரிசெய்வதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கடைக்கு இல்லை, உங்களுக்கு. சரிசெய்து கொடுத்தது மூன்று மாதத்துக்குள் மறுபடி கெட்டால் மாற்றியோ பணமாகவோ தந்தே ஆக வேண்டும். தெரிந்தவரிடம் கைமாற்றாக வாங்கிய கார்டுக்கு இது பொருந்தாது. அப்படி வாங்கும்போது விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.